எர்த்

பி-2, நாற்பத்தேழாம் கட்டம்.
தூணில் ஈரம். தலைக்குமேல் சிவப்பு நிறத்தில்
தீயணைப்புக் குழாய்.
போன மாதம் ஏரியலை முறித்தது அந்தக் குழாய்.
ஓட்டியது நான்.
குழாய்மேல் பழிபோடுவது வசதி.

எழுபத்து மூன்று மாடல் ஃபியட்.
சிவாஜிநகர் குஜிரியில் இம்தியாஸ்
தராசில் போடாத குறையாக எடுத்துக் கொடுத்த கம்பி:
மூன்று அடுக்கு, குரோமியம், நுனியில் ஒரு குமிழ்.
"எல்லா வண்டிக்கும் சேரும் மேடம்."
எல்லாவற்றுக்கும் சேரும் என்றால்
எதற்கும் சரியாகச் சேராது என்று
இங்கே வந்து அளந்தபோது தெரிந்தது.
மட்கார்டில் இருந்த துளை
மூன்று மில்லிமீட்டர் சின்னது.

வட்ட அரம்.
ஒரு ஞாயிறு முழுக்க.
இரும்புத்தூள் முழங்கையில் ஒட்டி
குளித்தபிறகும் மினுங்கியது.

பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாள் சொன்னது:
அடியில் பெயின்டைச் சுரண்டவும்,
வெறும் இரும்பு தெரியும்வரை.
எர்த் கிடைக்காவிட்டால் இரைச்சல்தான் கிடைக்கும்.

எர்த்துக்கு எங்கே போவது?
வீடு என்றால் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி,
கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள்.
இது நான்கு ரப்பர்மேல் நிற்கிற வண்டி.
ஐம்பது வருஷத்தில் ஒருநாளும் மண்ணைத் தொட்டதில்லை.
தன் உடம்பையே மண் என்று
வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆன்டர்சன்பேட்டையில் பிறந்து
இந்த ஊரில் ஏழு வாடகை வீடு மாறிய எனக்கும்
அப்படித்தான் என்று ஒரு வரி வந்தது.
விட்டுவிட்டேன்.
கையில் அரம் இருந்தது.

கேபிளைச் சக்கரத்துப் பக்கமிருந்து தள்ளியவன்
திப்யஜோதி. கோலாகாட்டுக்காரன், இரவு வாட்ச்மேன்.
நான் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து,
கால் இரண்டும் கதவுக்கு வெளியே.
சங்கச் செயலாளர் ஹெக்டே வந்து நின்று
கன்னடத்தில் கேட்டார், யாரது?
"நானூற்றிரண்டு" என்றன கால்கள்.
பார்க்கிங் இடம் பட்டறை இல்லை என்றார்.
கால்கள் ஒத்துக்கொண்டன.
அவர் போனதும்
கேபிள் முனை என் மூக்கில் வந்து இடித்தது.

பாதாளத்தில் எந்த நிலையம் எடுக்கும்?
மேலே ஏற்றினோம். ஹென்னூர் ரோடு, இரவு ஒன்பதரை.
திப்யஜோதி முன்சீட்டில், லத்தி மடியில்.
ரேடியோவைத் திருகினேன்.
ஒரு ஊளை.
ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறியது, விட்டால் இறங்கியது.
வண்டி தன்னையே கேட்டுக்கொண்டிருந்தது.

எஞ்சினை அணைத்தேன்.

ரேடியோவின் ஓரத்தில் ஒரு சிறு துளை,
உள்ளே ஒரு திருகாணி.
இருப்பதிலேயே பலவீனமான நிலையத்தைப் பிடித்து
அதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டுமாம்.
பலத்த குரல் எப்படியும் கேட்கும்.

கால் சுற்று வலம்.
ஒன்றுமில்லை.
அரைக்கால் சுற்று இடம்.
மணலுக்கடியிலிருந்து எழுந்துவருவதுபோல் ஒரு ஆள்,
தெற்கே எங்கிருந்தோ, தமிழில்,
அவசரமே இல்லாமல்:
"...நெல்லில் தண்டுத் துளைப்பான் தாக்கினால்
நடுக்குருத்து காய்ந்துவிடும். இழுத்தால்
கையோடு வந்துவிடும்..."

என்ன சொல்கிறார், என்றான் திப்யஜோதி.
என் உடைந்த இந்தியில் சொன்னேன்:
நெல்லில் துளை போடும் புழு.
"எங்கள் வயலிலும் உண்டு" என்றவன்
மட்கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
சிரிப்பை அடக்க முடியவில்லை அவனால்.

ஒரு பஸ் போனது. ஆள் மூழ்கினார்.
பஸ் போனதும் வந்தார். விளக்குப் பொறிக்கு வந்திருந்தார்.
விலை நிலவரம்வரை கேட்டோம்.
பேட்டரி தாங்காது என்று நிறுத்தியது நான்.

சரிவில் இறங்கும்போது
பேச்சு மும்முரத்தில்
கம்பியை உள்ளே தள்ள மறந்தோம்.

டங்.

பிரேக். இருவரும் மூச்சுவிடவில்லை.
முறியவில்லை.
அந்தக் கம்பி நடுங்கியது,
எண்ணினேன், பதினொன்றுவரை.
குழாயும் கொஞ்சம்.